திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்க உகண்டாவுக்குப் போக நினைக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் பரிமாறும் நேரத்தில், யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்து இந்தக் கேள்விகளில் ஒன்றைக் கேட்காத வாரம் மிகக் குறைவு. ஓய்வு பெற்ற ஆசிரியையான நான் உகண்டாவில் இரண்டு தடவையாகப் பதினான்கு மாதங்கள் தங்கிப் பிள்ளைகள் நடுவில் பணி செய்தேன் என்பதுதான் அதற்குக் காரணம். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால், அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

அன்ரி, யாக்கோபு 1:27 ஐ வாசித்த நாளிலிருந்து மனதில் ஒரே பாரமாக இருக்கிறது. இது ஆண்டவருடைய அழைப்புத்தானா?

அந்தப் பாரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அதே வேளை, வசனத்தை ஒரு தரம் மெதுவாக வாசியுங்கள்: "திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறதும்" என்று நம்முடைய வேதாகமம் சொல்கிறது. விசாரிப்பது என்றால் சுகம் கேட்டு ஆதரிப்பது. நடந்தது என்ன என்று கேட்டறிவதற்கும் நாம் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதைச் செய்யப் புறப்பட்டவர்களால் நேர்ந்த துன்பத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதில் என் பங்கும் உண்டு. அதைக் கீழே மூன்றாவது கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் போதகரிடமும், உங்களுக்கு முகத்துக்கு நேரே உண்மை சொல்லக்கூடிய ஒரு மூத்தவரிடமும் பேசுங்கள். ஆறு மாதம் காத்திருங்கள். இலண்டனில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த கிளாடிஸ் எயில்வார்டை சீன உள்நாட்டு மிஷன் ஏற்க மறுத்தது. அவர் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ரயில் கட்டணத்தைச் சேர்த்து 1930களின் தொடக்கத்தில் சீனாவுக்குப் புறப்பட்டார். அவர் ஏறத்தாழ நூறு பிள்ளைகளை யுத்தத்தின் நடுவே மலைகளைக் கடந்து அழைத்துச் சென்றது 1940 இல். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் மொழியைக் கற்று, சீனக் குடியுரிமையும் பெற்று, ஊர்ச் சனங்களில் ஒருத்தியாகவே ஆகியிருந்தார். நாம் கேட்டு வியக்கும் அந்த மலைப்பயணத்துக்கு முன்னால் இத்தனை வருடங்கள் இருந்தன என்பதை நினைவில் வையுங்கள்.

உகண்டாவில் ஏன் இவ்வளவு பிள்ளைகள் பெற்றோரை இழந்தார்கள்?

உகண்டா கிழக்கு ஆபிரிக்காவில், விக்டோரியா ஏரியின் வடகரையில், பூமத்திய ரேகை கடந்து செல்லும் நாடு. நம்மைப் போலவே பிரித்தானியரின் ஆட்சியில் இருந்து 1962 இல் சுதந்திரம் பெற்றது. 1980களிலும் 1990களிலும் எயிட்ஸ் நோய் இளம் பெற்றோரை வாரிக்கொண்டு போனது. வடக்கில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்த கிளர்ச்சியில் பிள்ளைகள் கடத்தப்பட்டார்கள். அதற்குப் பயந்து, ஆயிரக்கணக்கான சிறுவர்கள் பொழுது சாய்ந்ததும் கிராமங்களிலிருந்து நடந்து குலு போன்ற நகரங்களுக்கு வந்து படுத்துறங்கி விடியற்காலையில் வீடு திரும்பிய காலமும் இருந்தது.

ஆனாலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளில் பெரும்பாலானோரை வளர்த்தது சிறுவர் இல்லங்கள் அல்ல. பாட்டிமார்தான் வளர்த்தார்கள். லுகண்டா மொழியில் பாட்டியையும் பாட்டனையும் "ஜஜா" என்பார்கள். ஐந்தாறு பேரப்பிள்ளைகளை ஒரு மண்சுவர் வீட்டில் வைத்து, வாழைத்தோட்டத்தை நம்பி வளர்த்த ஜஜாமாரை நான் பார்த்திருக்கிறேன். நாம் தோள் கொடுக்க வேண்டியவர்கள் முதலில் அவர்கள்தான்.

இல்லத்தில் இருக்கிற பிள்ளைகள் எல்லோருமே தாய் தகப்பன் இல்லாதவர்களா?

இல்லை. உதவி செய்ய நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. நானோ முதல் பயணம் போன பிறகுதான் கேட்டேன். தாய் தகப்பனில் ஒருவரை இழந்த பிள்ளையையும் யுனிசெப் அநாதைப் பிள்ளைகளின் கணக்கில் சேர்க்கிறது. 2015 இல் அது வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் அவ்வாறான பிள்ளைகள் ஏறத்தாழ 14 கோடிப் பேர். அவர்களில் இருவரையும் இழந்தவர்கள் ஏறத்தாழ 1.5 கோடிப் பேர். மற்றவர்களுக்குத் தாயோ தகப்பனோ எங்கோ உயிரோடு இருக்கிறார்கள்.

நான் முதலில் போன இல்லத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பதிவேட்டில் அவள் அநாதை. நான் போய் இறங்கிய அன்றே ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நானும் உருகிப் போய், ஆண்டவர் எனக்கென்று வைத்த பிள்ளை இவள்தான் என்று கொழும்புக்குக் கடிதம் எழுதினேன். மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை, படலைக்கு வெளியே பச்சை நிறக் கோமேசி உடுத்த ஒரு பெண் வந்து நின்றாள். கோமேசி என்பது தோள் இரண்டும் கூர்மையாக உயர்ந்து, இடுப்பில் அகலப் பட்டி கட்டிய அந்த நாட்டுப் பெண்களின் உடை. அவள் கையில் வாழையிலையில் சுற்றிய அவித்த வற்றாளைக்கிழங்கு இருந்தது. சிறுமி என் கையை உதறிவிட்டு ஓடினாள். வந்தவள் அவளைப் பெற்ற தாய். கணவன் இறந்த பின் சந்தையில் தக்காளி விற்றுப் பிழைத்தவளிடம், பிள்ளையை இல்லத்தில் விட்டால் படிக்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாடசாலைக் கட்டணத்துக்காக அவள் தன் பிள்ளையைக் கையளித்திருக்கிறாள். அந்தத் தாயும் மகளும் படலைக் கம்பிக்கு இருபுறமும் குந்தியிருந்து கிழங்கைப் பிட்டுச் சாப்பிட்டதை நான் தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன். பதினைந்து நிமிடத்தில் மணி அடித்தது.

அன்றிரவு யாக்கோபின் வசனத்தைத் திரும்பவும் எடுத்து வாசித்தேன். "திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும்" என்று அது இருவரையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பழைய ஏற்பாட்டில் தகப்பனை இழந்தாலே பிள்ளை திக்கற்றது. அதன் பக்கத்தில் நிற்கும் விதவை அதன் தாய். வேதம் சேர்த்துச் சொன்ன இருவரைப் பிரித்து, ஒருவரை உள்ளேயும் மற்றவரைப் படலைக்கு வெளியேயும் நிறுத்திய ஏற்பாட்டுக்கு நம் சபை அன்போடு சேர்த்த காணிக்கையும் போயிருந்தது.

ஏழைத் தாயிடம் பட்டினி கிடப்பதைவிட, மூன்று வேளை சாப்பாடும் படிப்பும் கிடைக்கிற இல்லம் நல்லதுதானே?

சாப்பாடும் படிப்பும் அவசியம்தான். அவற்றைத் தாயின் வீட்டிலேயே கொடுக்க வழி இருக்கிறதா என்பதையே நாம் தேட வேண்டும். நான் சொன்ன அந்தத் தாய்க்குப் பாடசாலைச் செலவும் தக்காளிக் கடைக்குச் சிறிய முதலும் கொடுப்பதற்கு, பிள்ளையை இல்லத்தில் வைத்திருப்பதைவிடக் குறைந்த பணமே தேவைப்பட்டது. இரண்டாவது பயணத்தில் எங்கள் சபை அதைத்தான் செய்தது. உகண்டாவில் 1997 முதல் ஆரம்பக் கல்வி இலவசம் என்றாலும் சீருடை, கொப்பி, மதிய உணவு என்று வரும் செலவுகளே பல பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுகின்றன.

ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஓர் ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல ஆண்டுகள் கவனித்தது. குடும்பங்களுக்குப் போன பிள்ளைகள், அதிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள், பேச்சிலும் அறிவு வளர்ச்சியிலும் மற்றவர்களோடு ஒட்டி உறவாடுவதிலும் தெளிவாக முன்னேறினார்கள். 2009 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதல்களும் வறுமையை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன. "தேவன் தனிமையானவர்களுக்கு வீடுவாசல் ஏற்படுத்தி" என்று 68ஆம் சங்கீதம் சொல்வதும் வீடுவாசலைத்தான்.

நமக்கு இது புதிய பாடமும் அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது பெற்றோரை இழந்த நம் பிள்ளைகளில் பெரும்பாலானோரைச் சித்தி, மாமா, அம்மம்மா என்று உறவினரே பொறுப்பேற்றார்கள். அவர்களுக்குக் கைகொடுக்கும் வகையில் அடுத்த ஆண்டு சட்டமும் வந்தது. அடிபடும் பிள்ளை, கைவிடப்பட்ட கைக்குழந்தை, போக இடமே இல்லாத பிள்ளை ஆகியோருக்கு நல்ல இல்லம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அது கடைசிக் கதவாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

லீவு இரண்டு கிழமைதான் இருக்கிறது. அதற்குள் போய்ப் பிள்ளைகளோடு விளையாடி, பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டு வரலாமா?

வேண்டாம் என்றே சொல்வேன். மேலே எழுதிய சிறுமி முதல் நாளே என்னைக் கட்டிக்கொண்டதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். முன்பின் தெரியாத எவரிடமும் உடனே ஒட்டிக்கொள்வது, நிலையாக ஒருவரும் இல்லாமல் வளரும் பிள்ளைகளிடம் காணப்படும் காயத்தின் அடையாளம் என்று பின்னர் ஒரு சிறுவர் மருத்துவர் எனக்கு விளக்கினார். இரண்டு கிழமைக்கு ஒரு குழு வந்து கொஞ்சிவிட்டுப் போக, அடுத்த குழு வர, பிள்ளை வருடத்துக்குப் பத்துப் பிரிவுகளைத் தாங்க வேண்டியிருக்கிறது.

இரண்டு கிழமையில் செய்யக்கூடிய நல்ல வேலைகள் உண்டு. உங்களுக்குக் கணக்கியல் தெரிந்தால் உள்ளூர்ச் சபையின் கணக்குப் புத்தகங்களைச் சீராக்கிக் கொடுங்கள். தாதியாக இருந்தால் அங்குள்ள பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். மழைநீர்த் தாங்கி பொருத்தத் தெரிந்தால் ஜஜா ஒருவரின் வீட்டில் பொருத்துங்கள். பெரியவர்களோடு வேலை செய்துவிட்டு வந்தால் பிள்ளைகளுக்குப் பிரிவு இல்லை.

எனக்கு மருத்துவமோ கற்பித்தலோ தெரியாது. அன்பு மட்டும் போதாதா?

போதாது. உகண்டாவின் ஜின்ஜா நகரில், மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாத ஓர் இளம் அமெரிக்க மிஷனரிப் பெண் போஷாக்கின்மையால் வாடிய குழந்தைகளுக்கென ஒரு நிலையம் நடத்தினார். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 2019 இல் தாய்மார் வழக்குத் தொடுத்தார்கள். 2020 இல் அது, பொறுப்பு எவரும் ஏற்காத சமரசமாக முடிந்தது. அவருடைய உள்ளத்தை நான் நியாயந்தீர்க்கவில்லை. கொழும்பில் உங்கள் கையில் ஊசியைக் கொடுக்க மாட்டார்கள் என்றால், உகண்டாவின் தலைநகர் கம்பாலாவிலும் நீங்கள் அதைக் கையில் எடுக்கக் கூடாது. தெரியாத வேலையைக் கற்றுக்கொண்டு போங்கள், இல்லையேல் தெரிந்த வேலையைச் செய்யுங்கள்.

விசா, ஊசி, கடிதங்கள் என்று என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

உகண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். ஊசியைப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடலாம். போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் பயணத்துக்கு முதல் கிழமை ஓடாதீர்கள். அந்தச் சான்றிதழைத் திரும்பி வரும்போதும் கட்டுநாயக்காவில் காட்ட வேண்டியிருக்கும். மலேரியாவை இலேசாக எண்ண வேண்டாம். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டதால், நம் இளையவர்கள் பலர் அந்த நோயைக் கண்டதே இல்லை. நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியா எதிர்ப்பு இயக்கத்துக்குப் போய் முற்காப்பு மாத்திரைகளைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய பின் காய்ச்சல் வந்தால், உகண்டாவில் இருந்து வந்ததை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

சுற்றுலா விசாவில் போய்ப் பணி செய்வது அந்த நாட்டின் சட்டத்துக்கு முரண். உங்களை அழைக்கும் சபை அல்லது அமைப்பின் மூலம் உரிய அனுமதியைக் கேளுங்கள். பொலிஸ் நற்சான்றிதழை எடுத்துச் செல்லுங்கள். உங்களிடம் அதைக் கேட்காமலே பிள்ளைகளோடு இருக்க விடும் இடம், வேறு எவரையும் கேட்காமல் விடும் இடம். அத்தகைய இடத்துக்குப் போகாதீர்கள்.

பணத்துக்கு மனிதரிடம் கேட்கக் கூடாது, ஜோர்ஜ் முல்லரைப் போல விசுவாசத்தில் போக வேண்டும் என்கிறார்களே?

முல்லரை நான் மிகவும் மதிக்கிறேன். பிரஷ்யாவில் பிறந்து இங்கிலாந்துக்கு வந்த அவர் 1836 இல் பிரிஸ்டல் நகரில் வாடகை வீடு ஒன்றில் இல்லம் தொடங்கி, 1898 இல் இறப்பதற்குள் ஏறத்தாழ 10,000 பிள்ளைகளை ஆதரித்தார். எவரிடமும் நேரடியாகப் பணம் கேட்டதில்லை. ஆனால் வந்த ஒவ்வொரு காசையும் எழுதி வைத்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டார் என்பதை நம்மில் பலர் சொல்ல மறந்துவிடுகிறோம். இன்னொன்றும் உண்டு: தாய் தகப்பன் இருவருமே இறந்ததை உறுதிப்படுத்திய பின்னரே அவர் பிள்ளையைச் சேர்த்தார். மூன்றாவது கேள்வியில் நான் தவறவிட்ட விசாரிப்பை அவர் முதல் படியிலேயே செய்திருக்கிறார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது காணிக்கைக்கும் பொருந்தும். பணத்தை வங்கி மூலமே அனுப்புங்கள். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் என்ன அனுப்பலாம் என்பதை வங்கியில் கேட்டறியுங்கள். வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் மாற்றும் உண்டியல் வழியில் அனுப்பினால் விரைவு என்று சொல்பவர்களின் ஆலோசனையைக் கேட்க வேண்டாம்.

இரண்டு பெட்டி நிறைய உடுப்பும் விளையாட்டுச் சாமானும் சேர்த்துவிட்டோம். கொண்டு போகலாமா?

கம்பாலாவின் ஒவினோ சந்தையில் பழைய உடுப்புகள் மலைபோலக் குவிந்து மலிவாக விற்கின்றன. நான் முதல் தடவை பெட்டி தூக்கிச் சென்றதற்குக் கொடுத்த மேலதிகக் கட்டணத்தில் அங்கேயே ஒரு வகுப்புக்குச் சீருடை தைத்திருக்கலாம். தையல்காரருக்கும் கூலி கிடைத்திருக்கும்.

சுவிசேஷம் சொல்வதும் நம்முடைய நோக்கம்தானே?

உகண்டா மக்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் கிறிஸ்தவர்கள். 1885 முதல் 1887 வரையான காலத்தில் அங்கே புகண்டா இராச்சியத்தை ஆண்ட முவங்கா அரசனின் அரண்மனைப் பணியாளரான இளைஞர்கள், கத்தோலிக்கரும் அங்கிலிக்கனும், விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் ஜூன் 3 அன்று, அவர்களில் பலர் கொல்லப்பட்ட நமுகொங்கோவுக்குப் பெருந்திரளான யாத்திரிகர்கள் கால்நடையாகவே வருவதை நான் பார்த்தேன். விசுவாசத்தில் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய. உள்ளூர்ப் போதகரின் கீழ் அமர்ந்து ஊழியம் செய்யுங்கள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இயேசுவை ஏற்றுக்கொள்கிறாயா என்று ஒரு பிள்ளையிடம் தீர்மானம் கேட்காதீர்கள். பசித்த பிள்ளை எதற்கும் ஆம் என்றே சொல்லும்.

நம் நாட்டிலேயே எத்தனையோ பிள்ளைகள் இருக்க, கடல் கடந்து போக வேண்டுமா?

கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் இதைக் கண்ணீரோடு கேட்டாள். அவளுடைய தம்பி யுத்த காலத்தில் சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவன். என்னிடம் முழுமையான பதில் இல்லை. இங்கே ஒரு பிள்ளையைக் கூட விசாரித்திராத ஒருவர் அங்கே போவதை நான் ஊக்குவிப்பதில்லை. எங்கள் சபையில் புறப்பட விரும்புகிறவர் முதலில் ஒரு வருடம், தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனதால் அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகளின் குடும்பங்களை இங்கேயே சந்தித்து வர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அதன் பிறகும் சிலருக்கு அந்தத் தூர நாட்டுப் பாரம் குறையவில்லை. அவர்களைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. யுத்தத்தையும் கடல்கோளையும் கடந்து வந்த நாம் குலுவில் ஒரு தாயின் அருகில் உட்காரும்போது, அதிகம் பேசாமலே விளங்கிக்கொள்கிறோம்.

ஒரு பிள்ளையைத் தத்தெடுத்துக் கொழும்புக்குக் கூட்டி வரலாமா?

2016 இல் திருத்தப்பட்ட உகண்டாச் சட்டப்படி, வெளிநாட்டவர் அங்கே ஒரு வருடம் தங்கிப் பிள்ளையைப் பராமரித்த பின்னரே தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். குறுக்கு வழி காட்டுகிறவர்களிடம் சிக்காதீர்கள். 1970களிலும் 80களிலும் நம் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். பலருடைய ஆவணங்கள் பொய்யானவை. வளர்ந்த பின் தாயைத் தேடி வந்தவர்களில் சிலர், பத்திரத்தில் இருந்த பெண் தம்மைப் பெற்றவளே அல்ல என்பதை அறிந்து நொறுங்கிப் போனார்கள். இத்தகைய முறைகேடுகள் வெளிப்பட்டதால் நெதர்லாந்து 2021 இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது. நம் தாய்மாருக்கு நடந்ததை நாம் இன்னொரு நாட்டுத் தாய்க்குச் செய்யலாகாது.

படம் காட்டினால்தானே சபையில் காணிக்கை சேரும்?

உங்கள் பிள்ளை அழுதுகொண்டு நிற்கும் படத்தை, பெயரும் ஊரும் போட்டு, அந்நியர் ஒருவர் திரையில் காட்டச் சம்மதிப்பீர்களா? கட்டிய தாங்கியையும், தைத்த சீருடையையும், கணக்கையும் காட்டுங்கள். எங்களுக்குக் காணிக்கை குறையவில்லை.

அன்ரி, ஒரு பிள்ளை என்னை "அம்மா" என்று கூப்பிட்டால் நான் என்ன செய்வது?

ஜப்பானில் நோயுற்று, 1894 இல் நம் தீவிலும் சிறிது காலம் தங்கிச் சென்றவர் ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரி. மறு வருடம் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் பிள்ளைகளை ஆதரித்து, 55 ஆண்டுகள் ஒரு தடவை கூடத் தாய்நாடு திரும்பாமல் 1951 இல் அங்கேயே இறந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால், பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்தும் ஒரு கற்தொட்டியை வைத்து அதில் "அம்மா" என்று மட்டும் பொறித்தார்கள். அந்தப் பெயரைச் சுமக்க அவர் ஓர் ஆயுளையே கொடுத்தார். நீங்களும் நானும் திரும்பி வரும் பயணச்சீட்டையும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்.

ஆகவே பிள்ளை அப்படிக் கூப்பிட்டால் கடிந்துகொள்ளாமல், உங்கள் பெயரை மென்மையாகச் சொல்லிக் கொடுங்கள். அங்கே "அன்ரி" என்பதும் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். திரும்பும் நாளை மறைக்க வேண்டாம். இரண்டாவது பயணத்தில் நான் ஒரு நாட்காட்டியைச் சுவரில் மாட்டி, நான் புறப்படும் தேதியைப் பிள்ளைகளோடு சேர்ந்து வட்டமிட்டு, ஒவ்வொரு மாலையும் ஒரு நாளை அவர்களே வெட்டும்படி செய்தேன். கடைசி நாள் காலையில், அந்தப் பகுதியில் பிள்ளைகள் பெரியவர்களை வணங்குவது போல முழந்தாளிட்டு விடை கொடுத்தார்கள். பக்கத்தில் அவர்களை நாள்தோறும் பராமரிக்கும் பெண் நின்றாள். நான் படலையைத் தாண்டும்போது அவர்கள் அவளுடைய கையைத்தான் பிடித்திருந்தார்கள்.